அறுபதுக்குத் திருப்பாத டயல்

என் புருஷன் கேசவனுக்குக் கருங்குழி பஸ் ஸ்டாப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ. ஊரில் எந்தக் குழந்தைக்கு மொட்டை போட்டாலும் அவர்தான் படம் எடுப்பார். அவர் பெற்ற பெண்ணுக்கு மட்டும் ஒரு படம் கிடையாது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

எல்லாம் என் மாமியார் தெய்வநாயகி போட்ட சட்டம். "மொட்டை போட்டு காது குத்துற வரிக்கும் போட்டா கீட்டா எடுக்கக் கூடாதுடா. ஆயுசு கொறஞ்சிடும்" என்பார். நான் மல்லுக்கு நிற்பேன். இவரோ வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் என்னைத்தான் அடக்குவார். "வுடு ரோகிணி, இன்னும் ரெண்டு மாசந்தான?"

கல்யாணமான புதிதில் கேமராவை என் கையில் கொடுத்து விளையாட்டாகப் பரீட்சை வைப்பார்.

"வெயில்ல ஷட்டர் ஸ்பீடு எவ்ளோ?"

"இருநூத்தம்பது."

"ஃபிளாஷ் போட்டா?"

"அறுபது."

"டயலத் திருப்ப மறந்துட்டா?"

"ஒரு ஓரத்துலதான் வெளிச்சம் வுழும். மீதி கருப்பு."

பாஸ் என்று கன்னத்தைக் கிள்ளுவார். அந்த ஸ்பீடு டயலைத் தொடாமல் ஒரு நாளும் ஃபிளாஷை மாட்டியதில்லை மனுஷன்.

தொண்ணூற்றாறு மாசியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், படாளம் தாண்டும்போதே, என் மடியில் அடங்கிப்போனாள். பாவி நான், தூங்குகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனேன்.

இவர் அன்றைக்கு மகாபலிபுரம் கடற்கரையில், கொளுத்தும் வெயிலில், ஒரு புது ஜோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போய்ச் சொன்னதும் கேமராவைத் தோளில் மாட்டியபடியே வீட்டுக்கு ஓடிவந்தார். அதற்குள் குழி வெட்டப் போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

இப்போது மாமியார் தடுக்கவில்லை. "எடுடா, எங்கண்ணு மூஞ்சிய எடுத்து வச்சிக்கடா" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினார். எனக்கு அந்த வாயைக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. பாப்பாவை மடியில் குறுக்காகக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்குள் ஒரே இருட்டு. இவர் ஃபிளாஷை மாட்டி, ரோலில் மிச்சம் இருந்ததையெல்லாம் எடுத்தார்.

செங்கல்பட்டு லேபில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தார். கடற்கரை ஜோடி பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்த படங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு பட்டைதான் வெளிச்சம். என் முழங்கை, சேலை முந்தானை, கொலுசு போட்ட பாப்பாவின் கால். மற்றதெல்லாம் கருப்பு.

"டயலத் திருப்பலியாயா?" என்று அலறினேன்.

"அவ மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன் ரோகிணி" என்றார். அதற்கு மேல் அவரை நான் என்ன திட்டுவது?

எட்டு வருஷம் ஆகிவிட்டது. பாப்பாவுக்குப் புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். போன வாரம் பேச்சு வந்தபோது இவர் இடது புருவம் என்றார். வலது என்று நான் சண்டை பிடித்தேன். நாளெல்லாம் இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர் ஆயிற்றே என்று மாமியாரைக் கேட்டோம். கிழவி ரொம்ப நேரம் யோசித்தார்.

"எனுக்கும் நெனப்பு இல்லியேடி" என்று அழுதார்.

வலதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.