ஜெயம் பார்க்காத பெட்டி

செஞ்சிக் கடைத்தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை ஜெயத்துக்குத் தெரியும். தெரியாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவளுக்குக் காலையிலிருந்து ஒரு தகரப் பெட்டி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுடைய மளிகைக் கடைக்கு எதிரே, வேப்பமர நிழலில், உழவும் வண்டியுமாகப் பிழைக்கும் யாகப்பனின் கூண்டு வண்டி மாடு அவிழ்த்துக் கிடந்தது. அதற்குள்ளே அந்தப் பெட்டி. பெட்டிக்கு இத்தனை பெரிய பூட்டு.

"பொட்டியில இன்னா யாகப்பரே?" என்று உப்பு வாங்க வந்தவரிடம் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள்.

"நம்ம சாமானுங்கம்மா" என்று இரண்டு தரமும் சிரித்தார் அந்த மனுஷன். ஜெயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு ஏட்டு வீராசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் ஒரு காக்கிப் பை. மதுவிலக்குச் சோதனையாம். சாராயமாவது மண்ணாங்கட்டியாவது! ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் பந்தோபஸ்துக்கு இனாமாக வண்டி கேட்டார் வீராசாமி. உழவு இருக்கிறது என்று யாகப்பன் மறுத்துவிட்டார். அந்தக் கறுவல்தான் இது என்று கடைத்தெருவுக்கே தெரியும்.

சோதனை போட்டால் உள்ளூரில் இரண்டு பெரிய மனுஷர்கள் கூட நின்று பார்க்க வேண்டும். என்ன கிடைத்தது என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது சட்டம். வீராசாமிக்கு வாடிக்கையான இரண்டு பேர், டீக்கடை விநாயகமும் ஜெயத்தின் புருஷன் பூவராகவனும். பூவராகவன் இடத்தைவிட்டு அசையாமலே கையெழுத்துப் போடுகிறவர். அன்று அவர் மல்லாட்டைக் கடலை விலை பார்க்க அவலூர்பேட்டைக்குப் போயிருந்தார்.

"அவரு இல்லன்னா இன்னா, நீங்க போடுங்கம்மா" என்று காகிதத்தை நீட்டினார் வீராசாமி.

அவர் செய்த தப்பு அதுதான். லாரிக்காரன் சரக்கு இறக்கினால் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்த்து, சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகுதான் ஜெயம் பேனாவைத் தொடுவாள். இதையும் வாசித்தாள். 'வண்டியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து பார்த்ததில் சாராய பாட்டில்கள் இரண்டு இருந்தன.' கீழே விநாயகத்தின் கையெழுத்து, மைகூடக் காயவில்லை.

ஜெயத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதில் அவள் பேரும் விழுந்தால் வண்டியும் மாடும் பறிபோகும், யாகப்பன் ஜெயிலுக்குப் போவார். நம்ம வீட்டுக்காரர் இதுவரை இப்படி எத்தனை காகிதத்தில் போட்டாரோ என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

காகிதத்தோடு தெருவில் இறங்கினாள். வீராசாமி அதற்குள் வண்டியில் ஒரு காலை வைத்து, சாவி கேட்டு அதட்டிக்கொண்டிருந்தார். மாடுகளைப் பிடித்தபடி யாகப்பன் வெளிறிப்போய் நின்றார்.

"ஏட்டையா, பொட்டி இன்னும் பூட்டியே இருக்குதே. உள்ள ரெண்டு பாட்டில்னு எப்டி எழுதினீங்க?"

கூட்டம் கூடிவிட்டது. டீக்கடை விநாயகம் அடுப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"அது... முன்கூட்டியே எழுதி வெக்கிறதும்மா. வழக்கம்."

"சரி, தேடுங்க. நானும் சாட்சிதானே, நின்னு பாக்குறேன். அந்தப் பையை மட்டும் கீழ வெச்சிட்டு, சட்டையை உதறிக் காட்டிட்டு வண்டியில ஏறுங்க."

வீராசாமி வண்டியிலிருந்து காலை எடுத்தார். பையைக் கீழே வைக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு கூட்டத்துக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மண்ணெண்ணெய் லைசென்சு வேணுமா வேணாமா உனக்கு?" என்று பல்லைக் கடித்தார். மரியாதை தேய்ந்துவிட்டது.

"லைசென்சு குடுத்தது தாலுகா ஆபீஸ். அங்கயே இந்தக் காகிதத்தையும் காட்டுறேன், வாங்க" என்று அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள் ஜெயம்.

வீராசாமி வரவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். போகிறபோது மணியைக்கூட அடிக்கவில்லை.

யாகப்பன் மடியிலிருந்து சாவியை எடுத்தார். "அம்மா, நீங்களாச்சும் பாத்துடுங்க. தப்புத்தண்டா ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியட்டும்."

சாவி பூட்டுக்குள் போய்விட்டது. ஜெயத்தின் கழுத்து தானாக நீண்டது. இந்தப் பெட்டிக்காகக் காலையிலிருந்து அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அரைச் சுற்று சுற்றினால் போதும்.

அவர் கைமேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"வேணாம் யாகப்பரே. அது உங்க பொட்டி. பாக்குறதுக்கு நா யாரு?"

யாகப்பன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியது. சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மாடுகளை வண்டியில் பூட்டினார்.

அன்று ராத்திரி ஜெயத்துக்குத் தூக்கம் வரவில்லை. அதில் என்னதான் இருந்திருக்கும் என்று விடியவிடியப் புரண்டாள். ஆனாலும் திறந்து பார்த்திருக்கலாமே என்று ஒரு தரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை.