பெயரில் எழுத்து மட்டும்

வில்லியனூரில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் ஷைஸ்தாவுக்கு அந்தச் செயலி சின்ன வேலைதான். கடலுக்குப் போனவர்கள் திரும்பாவிட்டால், வீட்டார் கைபேசியில் பெயரைப் பதிந்து மீனவர் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். பெயர்க் கட்டத்தில் எண்ணோ கண்ட குறிகளோ விழாமலிருக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற சரிபார்ப்பு விதி ஒன்றை எழுதினாள். எந்த மொழியானாலும் எழுத்தும் இடைவெளியும் மட்டும் வரலாம். ஆங்கிலப் பெயர்களாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

மணப்பட்டில் காற்று மாறிய அன்று ஜெயசீலனும் கூட்டாளி சாமிக்கண்ணுவும் போன படகு கரைக்கு வரவில்லை. ஜெயசீலனின் மனைவி அம்சவள்ளி கணவர் பெயரைத் தமிழில் அடித்தாள். 'பெயரில் எழுத்து மட்டுமே இருக்கலாம்' என்று சிவப்பில் வந்தது. அழித்து மறுபடி அடித்தாள். அதே சிவப்பு. தனக்குத்தான் எழுத வரவில்லையோ என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் அடித்தும் ஏறவில்லை. கடைசியில் சங்கத் தலைவர் வீட்டுக்கே ஓடினாள். தேடும் படகுகள் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்த ஜெயசீலன் கிடைத்தார். சாமிக்கண்ணு கிடைக்கவில்லை.

செயலியில் தமிழ்ப் பெயர் ஏறவில்லை என்று மறுநாள் சங்கத்திலிருந்து ஷைஸ்தாவுக்குப் போன் வந்தது. விதியைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. 'ஜ'வும் 'ய'வும் கணினிக்கு எழுத்து. கொம்பும் புள்ளியும் அதற்குத் தனிக் குறிகள். அவற்றை அவள் அனுமதிக்கவே இல்லை. திருத்தி ஏற்றிவிட்டு, அம்சவள்ளியைப் பார்க்க மணப்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

"அக்கா, அந்தச் செயலி நான் எழுதினது."

அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு பேருல இன்னாம்மா தப்பு? நான் சரியாத்தான அடிச்சேன்?"

"நீங்க சரியாத்தான்கா அடிச்சீங்க. புள்ளி, கொம்பெல்லாம் பேருல வரும்னு நான் அதுக்குச் சொல்லல. தப்பு என்னோடது."

உள்ளே ஜெயசீலன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"தேடுற படகு கொஞ்சம் முன்னாடி போயிருந்தா…" என்று ஆரம்பித்த அம்சவள்ளி நிறுத்திக்கொண்டாள். ஷைஸ்தா தலை குனிந்து நின்றாள்.

அம்சவள்ளி கைபேசியை எடுத்தாள். "சாமிக்கண்ணு அண்ணன் பேரு இதுல ஏறல. அவரு பொண்டாட்டிக்குக் கையே ஓடல. இன்னும் தேடிக்கினுதான் இருக்காங்க. இப்ப ஏறுமா?"

"ஏறும்கா."

அம்சவள்ளி ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். பதிந்தது. இருவரும் எழுந்து சாமிக்கண்ணு வீட்டுக்கு நடந்தார்கள்.