வயிறு தும்மிய பட்டறை

செருப்புப் பட்டறையில் சொல்யூஷன் பசை டின்னைத் திறந்ததும், அடிப்பாகம் ஒட்டுகிறவளின் ஐந்து மாத வயிற்றுக்குள்ளிருந்து குழந்தை தும்மியது. மூடினால் நின்றது, திறந்தால் மறுபடி தும்மியது. தையல் மெஷின்கள் ஓய்ந்தன. தோல் வெட்டுகிறவர் காது கொடுத்துக் கேட்டு, ஆண் பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னார். அடுத்த பட்டறை ஆட்களும் ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

அவளுடைய நான்கு வயது மூத்த மகள் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைச் சுமந்தபோதும் இவள் இதே பெஞ்சில், இதே வாடையில்தான் உட்கார்ந்திருந்தாள். இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, வயிற்றுப் பிள்ளைக்கு இந்த வாடை பட்டால் அந்த நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், பழியைத் தலையில் போட்டுக்கொள்ளாதே என்று டாக்டரம்மா தேற்றினார். அந்தக் ‘கொஞ்சம்’ அவளைத் தூங்க விடவில்லை.

முதலாளி வந்து, வாயுக் கோளாறு, வேலையைப் பாருங்கள் என்றார். அவள் டின்னைத் தூக்கி அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். வயிறு போட்ட தும்மலில் அவர் கண்ணாடி கழன்று விழுந்தது.

“நான் சொன்னா கேக்க மாட்டீங்க மொதலாளி. இவன் சொல்றதையாவது கேளுங்க” என்றாள்.

அவர் கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தெருவிலிருந்த மற்றப் பட்டறைகளின் கர்ப்பிணி வயிறுகளும் தும்மத் தொடங்கின. எந்த மெஷினும் ஓடவில்லை. ஒரு வாரம் தாக்குப்பிடித்த முதலாளி, கடைசியில் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். தண்ணீர் சேர்த்துச் செய்த, நெடியில்லாத புதுப் பசையை வரவழைத்தார். அதைத் திறந்தபோது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் வயிற்றிலிருந்து சன்னமாக ஒரு குறட்டை கேட்டது. ஆட்கள் கூரை அதிரக் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் மொட்டைத் தலையை அவள் வயிற்றில் சாய்த்துக் காது கொடுத்தாள்.

“அம்மா, தம்பி நல்லாத் தூங்குறான். நீயும் தூங்கேன்” என்றாள்.

மாதக்கணக்கில் தூங்காத அந்தத் தாய் அங்கேயே, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

தம்பி பிறந்து, நடந்து, பேச ஆரம்பித்த வருடம் அக்காவின் சிகிச்சை முடிந்தது. முடி சுருட்டையாக முளைத்து அவள் பள்ளிக்கூடம் போனாள்.

இப்போதும் அந்தத் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது பட்டறைக்குள் நுழைந்தால் மெஷின்கள் ஒரு கணம் நிற்கும். எல்லோரும் காது கொடுப்பார்கள். சத்தமில்லை என்றால் யாராவது, “சரி, உக்காரும்மா” என்பார்கள். வேலை தொடரும்.