பாசியில் கறுத்த இலைகள்

அம்மா செத்தது நவம்பர் பதினெட்டு. மேப்பிள் இலைகள் உச்சச் சிவப்பில் இருந்த வாரம். கியோட்டோவிலிருந்து எங்கள் ஊர் மடத்துக்குப் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"பத்து நாள் பொறுங்க," என்றார் மடத்தின் தலைமை பிக்கு. "கூட்டம் குறைஞ்சதும் உங்கம்மா கினுயேவுக்கு முறையா மந்திரம் ஓதி அனுப்பலாம். இப்ப மண்டபம் முழுக்க டிக்கெட் வாங்கினவங்க."

அந்த மண்டபத்து முன்னால் தரையெல்லாம் பச்சைப் பாசி படர்ந்த தோட்டத்தை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவள் அம்மா. செத்தால் அங்கிருந்துதான் போக வேண்டும் என்பது அவள் கேட்ட ஒரே விஷயம்.

"பத்து நாள் ஐஸ்ல வைக்க அவ என்ன மீனா சாமி?" என்றேன்.

அப்பா என்னை வெளியே இழுத்தார். "காலேஜ் போனதுல இருந்து இவளுக்கு வாய் நீளம், மன்னிச்சுடுங்க." வாசலில், "வேலை ஜாஸ்தியா இருக்கிற வாரமாப் பார்த்துத் தப்பிச்சுட்டா பாரு உங்கம்மா," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, மூக்குதான் ஒழுகியது.

திரும்பிப் போய்ப் பேரம் பேசினேன். காலை ஆறு மணிக்குச் சடங்கு, எட்டு மணிக்குக் கூட்டத்துக்குக் கதவு திறப்பதற்குள் அம்மாவை ஏற்றிய வண்டி கிளம்பிவிடும். பிக்கு ஒப்புக்கொண்டு ஒன்று கேட்டார்: "அன்னிக்குப் பாசியை யாரு பார்ப்பா? உங்கம்மா கைப்பழக்கம் உனக்குத்தான் இருக்கு."

பாசிமேல் விழுந்த இலைகளில் சுருண்டதையும் கறுத்ததையும் மூங்கில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். சிவந்தது மட்டும் கிடக்கும், காற்று கொண்டுவந்து போட்ட மாதிரி. அதன் முன் உட்கார்ந்து பிக்கு வந்தவர்களிடம், இலை நமக்கு நிலையாமையைப் போதிக்கிறது என்பார். அழுகியதை மட்டும் காட்ட மாட்டார். அம்மாவின் முழங்கால் போனது இதில்தான்.

துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையோடு பாசியில் மண்டியிட்டேன். முதுகுக்குப் பின்னால் மந்திரம் ஓடியது. காற்றில் ஏகப்பட்டது விழுந்திருந்தது. பாதிதான் முடிந்தது.

"சிஹாயா, பெட்டியை மூடப்போறாங்கடி, வா!" அப்பா கத்தினார். இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பெட்டிக்குள் அம்மாவின் கன்னத்தில் சிவப்பு பூசியிருந்தார்கள். உதட்டிலும். அவள் வாழ்நாளில் பூசாதது. கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன்.

"என்னடி பண்றே, எல்லாரும் பார்க்கிறாங்க," என்றார் அப்பா.

"பார்க்கட்டும்."

துடைத்த இடத்தில் அவளுடைய சாம்பல் நிறம் தெரிந்தது. அப்புறம்தான் பூ வைத்தேன்.

என்னால் தாமதமாகி, வண்டி நகர்வதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். பக்கவாட்டு வழியில் நின்று பார்த்தேன். தோட்டத்தின் ஒரு பாதி சுத்தம், மறு பாதி கறுத்த குப்பை. யாராவது முகம் சுளிப்பார்கள், பிக்குவாவது என்னைத் தேடித் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்றாள் ஒருத்தி. அவள் படம் எடுத்தது நான் தொடாத பாதியை. பிக்கு வந்து உட்கார்ந்து தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். வழக்கமான பேச்சைத் தொடங்கிவிட்டார்.

ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இருபத்தாறு வருடம்!

வண்டியில் ஏறினேன். "பாசி நல்லா வந்துச்சா? அம்மா பேரைக் காப்பாத்தினியா?" என்று அப்பா கேட்டார்.

"நல்லா வந்துச்சுப்பா," என்றேன்.