இடைவேளை இல்லாத ஊர்

ஆலங்கிணறு ராஜேஸ்வரி தியேட்டரில் இடைவேளைக்கு எழுந்து போகிறவர்கள் எல்லாரும் அதே தியேட்டருக்குத் திரும்பி வருவதில்லை. கழிப்பறைக்குப் போகும் நடை உலகத்தில் உள்ள எல்லாத் தியேட்டர்களுக்கும் பொதுவானது. இரண்டு பக்கமும் கதவுகள். திரும்பும்போது கதவு மாறி நுழைந்தால் வேறு தேசத்தில் போய் உட்கார வேண்டியதுதான். அவருக்குப் பதிலாக அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து உட்காருவார். தலைக்கணக்கு எங்கும் கூடாது, குறையாது.

ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எந்த ஹாலில் படத்தின் நடுவில் விளக்கு எரிகிறதோ அந்த ஹாலின் கதவு திறக்கும். அதனால் மாறிப் போனவர்கள் அடுத்த இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார்கள். துருக்கிக்கோ ஐஸ்லாந்துக்கோ போனவர்களுக்குச் சிரமமே இருந்ததில்லை. அங்கெல்லாம் நம்மைப் போலவே பாதிப் படத்தில் விளக்கைப் போடுகிறார்கள். ஏழு நாளுக்குள் வராவிட்டால்தான் கஷ்டம். அதற்குப் பிறகு போனவர் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார், வந்தவர் இங்கிருந்து போனவராகவே ஆகிவிடுவார். தெற்குத் தெரு சண்முகத்தாய் அப்படி வந்தவள்தான். எந்தத் தேசம் என்று இப்போது அவளுக்கே தெரியாது. அதிரசம் நன்றாகச் சுடுவாள். பழைய சண்முகத்தாயை யாரும் விசாரிப்பதில்லை.

வடிவு அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் ராஜேஸ்வரிக்குள் கால் வைத்ததில்லை. இருட்டு என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். அவள் புருஷன் பேச்சிமுத்து மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பவன். வெள்ளிக்கிழமை தவறாமல் மதியக் காட்சிக்குப் போய்விடுவான்.

“இடது பக்கம் மூணாவது கதவு. கண்ணை மூடிக்கிட்டு வந்திருவேன்” என்பான்.

ஆனால் உலகம் முழுக்கத் தியேட்டர்களை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தேசத்தில் ஜனங்கள் வீட்டிலேயே படம் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றில் தியேட்டரை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். எங்கே ஒரு தியேட்டர் மூடினாலும் நடையில் ஒரு கதவு சுவராகிவிடும். ஒரு வியாழக்கிழமை எங்கோ ஒன்றை மூடினார்கள். வெள்ளிக்கிழமை இடது பக்கம் மூன்றாவது கதவு ராஜேஸ்வரியுடையதாக இல்லை.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மேனேஜர் சாலமோன் வடிவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட, மெலிந்த, வயதான ஒருவர்.

“எம்மா வடிவு, பேச்சிமுத்து மாறிப் போயிட்டான். அவனுக்குப் பதிலா இவரு வந்திருக்காரு. பேரு ஓகினோ.”

“எந்த ஊரு அண்ணாச்சி?”

“ஜப்பான்.”

“அங்க இடைவேளை உண்டா?”

சாலமோன் தரையைப் பார்த்தார். “கிடையாது. இன்னைக்குச் சின்னதா நிலம் ஆடியிருக்கு. அதுக்காக விளக்கைப் போட்டிருக்காங்க. அந்த நேரத்துல இவன் உள்ள போயிருக்கான், இவரு கை கழுவ வெளிய வந்திருக்காரு.” பிறகு சொன்னார்: “அடுத்த வெள்ளிக்கிழமை மதியக் காட்சியோட நம்ம தியேட்டரையும் மூடுறோம்மா. கல்யாண மண்டபம் கட்டப் போறாங்க.”

வடிவு விரலை மடக்கிப் பார்த்தாள். சரியாக ஏழு நாள்.

ஓகினோ வாசலில் செருப்பைக் கழற்றி, அதன் முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தயிர்ச்சோறு கொடுத்தாள். சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

தினமும் மதியம் தியேட்டர் ஆபீஸ் போனுக்குப் பேச்சிமுத்து கூப்பிட்டான். வடிவு அங்கன்வாடிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ஓடி வருவாள்.

“நாப்பது சீட்டுதான் வடிவு. எல்லாம் வயசானவங்க. மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது. படம் முடிஞ்சு கடைசிப் பேரு ஓடுற வரைக்கும் ஒருத்தர் எந்திரிக்க மாட்டாங்க.”

“விளக்கைப் போடச் சொல்லி ஒரு வார்த்தை கேக்கலாம்லா?”

“கேட்டேன். குனிஞ்சு கும்பிட்டாங்க. நானும் குனிஞ்சு கும்பிட்டேன். அதுக்கு மேல என்ன பேச?”

“நடுவுல எந்திரிச்சுச் சத்தம் போடுங்க. நிறுத்திருவாங்க.”

“அவ்வளவு பேரு அமைதியா இருக்கையில எப்படிம்மா?” என்றான். ராஜேஸ்வரியில் விசிலடித்தே நாற்காலியை உடைத்தவன் அவன்.

மூன்றாம் நாள் ஓகினோ காதைச் சொறிந்தார். பேச்சிமுத்து சொறிவதைப் போலவே, சுண்டுவிரலால். நான்காம் நாள் பேச்சிமுத்துவின் ரிப்பேர் கடையைத் திறந்து இரண்டு மிக்ஸியைச் சரிசெய்து வைத்திருந்தார். ஐந்தாம் நாள் எதிர்வீட்டுக்காரர் போகிறபோக்கில், “என்ன பேச்சிமுத்து, மெலிஞ்சிட்ட?” என்று கேட்டார். ஓகினோ சிரித்தார். அன்று போனில் பேச்சிமுத்துவின் குரல் தணிந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சின்னதாக ஒரு இடைவெளி விட்டான்.

வடிவு அம்மன் கோயிலுக்குப் போனாள். கண்ணை மூடி நின்றபோது, தான் நிலநடுக்கம் வேண்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பயந்துபோய், திருநீறுகூட வாங்காமல் வந்துவிட்டாள்.

ஆறாம் நாள் காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது, முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“வடிவு, மோர் இருக்கா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மோரைக் கொண்டுபோய் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். டம்ளரை வாங்கிய கையில், ஸ்குரூ டிரைவர் கிழித்த பேச்சிமுத்துவின் பழைய தழும்பு பாதி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஓகினோவைக் கூட்டிக்கொண்டு வடிவு ராஜேஸ்வரிக்குப் போனாள். கடைசிக் காட்சி என்று நாற்பது, ஐம்பது பேர் வந்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டாள். என்ன படம் என்று அவளுக்கு நினைவில்லை. இடைவேளை வந்ததும் சாலமோன் நடைக் கதவைத் திறந்துவிட்டார்.

“பத்து நிமிஷம்மா. மூணு மணி அடிப்பேன். மூணாவது மணிக்கு நடையில விளக்கு போயிரும். அதுக்குள்ள வந்திரு.”

மூன்றாவது மணிக்குள் வராதவர்கள் நடையிலேயே இருக்கிறார்கள். விளக்கு எரியும்போது அவர்கள் தெரிவதில்லை.

நடை அவள் நினைத்ததைவிட நீளம். இரண்டு பக்கமும் பெரும்பாலும் சுவர்தான். ஒரு சுவரில் சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது; இந்த வாரமும் கதவுகள் குறைந்திருந்ததால் எண்ணிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. எஞ்சிய கதவுகளில் காதை வைத்துக்கொண்டே போனாள். ஒன்றுக்குள் ஜனங்கள் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் குழந்தை அழுதது. ஒன்றில் யாரோ சோளப்பொரி மென்றார்கள். அவள் முந்தானையை யாரோ மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஓகினோ அவளுக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தார்.

முதல் மணி அடித்தது.

சத்தமே இல்லாத கதவுகள் இரண்டு இருந்தன. எதிரெதிரே. அமைதியாகப் படம் பார்க்கிறவர்களின் கதவு எது, மூடிவிட்டு இன்னும் சுவராகாத தியேட்டரின் கதவு எது என்று தெரியவில்லை. வலப் பக்கக் கதவில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தி வைத்தாள். மறுபக்கத்திலும் எதுவோ அதே இடத்தில் காதை வைத்திருப்பதுபோல மரம் இதமாகச் சுட்டது. வடிவு காதை எடுத்துக்கொண்டாள். அதுவும் எடுத்துக்கொண்டது.

இடப் பக்கக் கதவுக்குப் போய், இடுக்கில் வாயை வைத்து, “ஏங்க!” என்றாள்.

உள்ளேயிருந்து மிகச் சன்னமாக ஒரு குரல் வந்தது. “உஷ். படம் பாக்காங்க வடிவு.”

“எந்திரிச்சு ஒரு சத்தம் போடுங்க! கடைசி நாளு இன்னைக்கு!”

“பக்கத்துல உள்ளவங்க சங்கடப்படுவாங்க.”

“நான் சங்கடப்பட்டா பரவாயில்லையா?”

இரண்டாவது மணி அடித்தது. வடிவுக்கு முழங்கால் நடுங்கியது. நடுங்கிய கால் கதவில் இடித்தது. கதவு சட்டத்தோடு கடகடவென்று ஆடியது. அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கதவைப் பிடித்து உலுக்கத் தொடங்கினாள். தோளால் முட்டினாள். ஓகினோவும் வந்து பக்கத்தில் நின்று தோளைக் கொடுத்தார். நிலை ஆடியது, சுவர் ஆடியது, மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

உள்ளே நிலநடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். படம் நின்றது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

ஒருவர்கூட ஓடவில்லை. வரிசையாக எழுந்து, ஒருவர் பின் ஒருவராக நடைக்குள் வந்து, சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து தலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். வடிவு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பத்து, இருபது, முப்பது பேர். எல்லாரும் அவளுக்கு லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்கள். பேச்சிமுத்து இல்லை. அவள் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு, தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான்.

“வாங்க!”

“முன்னால நிக்கிறவங்க போகட்டும்.”

வடிவு உள்ளே கையை நீட்டி, நான்கு கிழவர்களைத் தாண்டி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இழுபட்டுக்கொண்டே அவன் நான்கு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான். வெளியே வந்து நின்றவனுக்கு எதிரே ஓகினோ. இருவரும் ஒரே உயரம். ஒரே மாதிரி சுண்டுவிரலைக் காதுக்குக் கொண்டுபோனார்கள்.

“நீங்க உள்ள போங்க” என்றாள் வடிவு.

ஓகினோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “சரி வடிவு. நம்ம வீட்டுக் கிரைண்டர்ல பெல்ட்டு தேஞ்சிருக்கு, மாத்திரு” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார். தாண்டியதும் அவர் முகத்தில் ஆலங்கிணறு அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. சுவரோரம் குந்தியிருந்தவர்களும் எழுந்து வரிசையாக அவர் பின்னால் உள்ளே போனார்கள்.

மூன்றாவது மணி அடிக்கத் தொடங்கியது. வடிவு புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. அவர்களோடு நிறையக் கால்கள் ஓடி வந்தன. ராஜேஸ்வரியின் கதவில் சாலமோன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இருவரையும் உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, முதுகை வைத்து நின்றுகொண்டார். நடையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கதவைத் தடவினார்கள். பிறகு அந்தத் தடவலும் நின்றுவிட்டது.

படம் முடிகிறவரை வடிவு பிடித்த கையை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேச்சிமுத்து சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னட்டி, உப்பே இல்ல?” என்று கத்தினான். அதைக் கேட்டபிறகுதான் அவள் உட்கார்ந்து அழுதாள். தூக்கத்தில் சில நாள் குனிந்து கும்பிட்டான். அதுவும் போய்விட்டது.

மறுவாரம் மண்டபக்காரர்கள் வந்து ராஜேஸ்வரியின் திரையைக் கழற்றினார்கள். திரைக்குப் பின்னால் கடல் இருந்தது. ஆலங்கிணற்றிலிருந்து கடற்கரைக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும். மண்டபக்காரர்கள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாலமோன் திரை இல்லாமலே, அந்தக் கடலைக் காட்டி மறுபடியும் மதியக் காட்சி தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை இந்தத் தடவை இருவருமாகப் போனார்கள். நல்ல கூட்டம். முதல் மூன்று வரிசைக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டதால் ஜனங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. தூரத்தில், தண்ணீருக்கு மேல், பெரிதாக ஏதோ ஒன்று இந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வடிவு பேச்சிமுத்துவின் கையைத் தேடிப் பிடித்தாள்.

சாலமோன் டார்ச்சோடு வரிசை வரிசையாக வந்தார்.

“தண்ணி ஏறுது, காலைத் தூக்கி வச்சுக்கோங்க” என்றார்.

எல்லாரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.