தனிப் பானை

1

மாமியார் நீட்டிய தம்ளரைத் தட்டிவிட்டாள் மருமகள். தண்ணீர் மாமியார் புடவையை நனைத்துச் சுவர்வரை தெறித்தது.

"என்னடி, பேய் புடிச்சிருக்கா?"

"இதுல என்னத்தக் கலந்தீங்க அத்தை?"

2

பொறுங்கள், இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்குழாய்க்கு ஒருநாள் சிவப்புச் சாயம் அடித்தார்கள். தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம், குடிக்காதே என்று அர்த்தம்.

"யார் கலந்தது?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"யாரும் கலக்கல சார். பூமிக்கடியிலயே இருக்காம்" என்றார் சாயம் அடித்தவர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாராவாரம் தொடர்கதையில் விஷம் வைத்தே பிழைப்பு நடத்துகிறவனிடம், கொலைகாரன் இல்லாத விஷமா? ஆளை நானே போட்டுக்கொண்டேன்: மாமியார்.

(தோளுக்குப் பின்னால் என் மனைவி: "வேற ஆளே கிடைக்கலையா? எங்கம்மாவும் படிப்பாங்க, பாத்துக்கங்க.")

3

மருமகளுக்கு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வயிற்றில் ஐந்து மாதம். தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதித்தவள், சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு, மாமியார் இவளுக்கென்று மட்டும் வைக்கும் தனிப் பானைத் தண்ணீரையும் சோதித்தாள். குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. பானையிலோ அதைப்போல இரண்டு மடங்கு!

பானைக்கும் அதே குழாய்த் தண்ணீர்தான். நடுவில் புகுந்தது ஒரே ஒருவர் கை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

4

முடிவு ஒன்று: அலமாரியில், புடவைக்கு அடியில், ஒரு நீலப் புட்டி... (வேண்டாம். போன தொடரிலும் அதே புட்டி.)

முடிவு இரண்டு: கணவன்தான், இரவோடு இரவாக... (அவனுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது.)

முடிவு மூன்று: பக்கத்து வீட்டு...

5

மாமியார் இன்னும் ஈரப் புடவையோடு நிற்கிறார். இவ்வளவு நேரம் அவர் வாயைப் பொத்திவைத்திருந்தது நான்தான். திறந்தால் என் பிழைப்பில் மண். திறந்தேவிட்டார்.

"கலக்குறேனா? எல்லாரும் பச்சத் தண்ணி குடிக்கிறோம். உனக்கு மட்டும் விடிய எந்திரிச்சு, ஒரு பானைத் தண்ணி அரைப் பானையா சுண்டுற வரைக்கும் காய்ச்சி வைக்கிறேன். வயித்துல இருக்கிறது நல்லா இருக்கணுமேன்னு!"

மருமகளுக்கு விளங்கிவிட்டது. கொதித்தால் கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகும். ஆர்சனிக் மட்டும் அப்படியே பானையில் தங்கும்.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? விஷம் வைக்கத்தான் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் பக்குவமாக. அவர் அடுப்பில் அடுத்த பானைத் தண்ணீரை ஏற்றிவிட்டார்.