மூன்று ஆண்கள் இருக்கும் வீடு

போன வருஷம் அதே பரீட்சையில் கோட்டை விட்டதை ஆனிமேரி யாரிடமும் மறைக்கவில்லை. கோட்டை விட்டதால்தான் எங்கே கால் இடறும் என்று தனக்குத் தெரியும் என்பாள். இந்த வருஷம் மறுபடி எழுதப் போகிறவள், கூட எழுதப் போகும் ரெங்கம்மாளுக்கும் வழி சொல்லிக்கொடுத்தாள்.

"மேல இருக்க கதையப் படிச்சிட்டு ஒக்காந்திராத ரெங்கு. மொதல்ல கீழ கேள்வியப் பாரு. ஆகவே ஆகாதுன்னு தெரியிற விடையப் பென்சிலால அடிச்சிரு. நாலுல மூணு போச்சுன்னா மிச்சம்தான் விடை. சிக்குனதோட மல்லுக்கட்டாம அடுத்ததுக்கு ஓடிரு. அம்புட்டுதான்."

மதுரையில் மிஷன் நடத்திய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேருவதற்குத்தான் இந்தப் பாடு. கட்டுரை, கணக்கு என்றிருந்ததை, சண்டைக் காலத்தில் கப்பலேறி வந்த ஒரு துரைசானி புத்திப் பரீட்சையாக மாற்றிவிட்டாள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற முறையாம். கேள்விக்குக் கீழே நாலு விடை அச்சாகியிருக்கும். சரியானதற்கு நேரே பெருக்கல் குறி போட வேண்டும். அரைமணி நேரம்தான். ஒரு பெண்ணின் புத்தியை அளக்க அரைமணி போதும் என்று கண்டுபிடித்த மகராசன் எவனோ, நன்றாக இருக்கட்டும்.

ரெங்கம்மாளுக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அம்மாவின் தம்பி ராமானுஜம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், திருமங்கலத்தில் பருத்தித் தரகு. ரெங்கம்மாளைச் சின்னதிலிருந்து தோளில் போட்டு வளர்த்தவர். கெட்டவர் என்று யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் அழுது அடம்பிடித்திருக்கலாம். "எடம் கெடச்சா படிக்கட்டும்க்கா, நான் குறுக்க நிக்கல" என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். பரீட்சை அன்றைக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் அவளை அழைத்துவந்து, பள்ளிக்கூட வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

முதல் இரண்டு பக்கம் மளமளவென்று போயிற்று. ஆனிமேரி சொன்னபடியே கேள்வியைப் பார்த்தாள், ஆகாததை அடித்தாள், குறி போட்டாள். பக்கத்து மேஜைக்காரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரம் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வீடு வந்தது. அந்த வீட்டில் மூன்று ஆண்கள்: தச்சர், எழுத்தர், வைத்தியர். அவர்களில் மூத்தவர் கமலத்தின் தகப்பன். ஒருவர் கமலத்தின் கணவன். தச்சருக்கு மற்ற இருவரையும்விட வயது அதிகம். வைத்தியர் கமலத்தின் தாயோடு பிறந்த தம்பி. கமலத்தின் கணவன் யார்? அதையொட்டி இன்னும் நாலு கேள்விகள்.

தச்சரை அடித்தாள். யாருமில்லை என்ற விடையையும் அடித்தாள். எழுத்தரும் வைத்தியரும் மிஞ்சினார்கள். எழுத்தராக இருக்கலாம். வைத்தியராகவும் இருக்கலாம். பென்சிலை வைத்தியர் மேல் கொண்டுபோனாள். ஆகாது என்று எப்படி அடிப்பது? வாசலில் ஒருவர் குடையோடு நிற்கிறாரே.

எங்கோ ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். விட்டுவிட்டு ஓடு என்று ஆனிமேரி காதுக்குள் கத்தினாள். அவளால் ஓட முடியவில்லை. கமலத்துக்கு அந்த எழுத்தரே வாய்க்கட்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் ஆசைப்பட்டதற்கெல்லாம் குறி போட முடியுமா என்று பயமாகவும் இருந்தது. மணி அடித்தபோது கடைசி இரண்டு பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன.

வெளியே வந்த ஆனிமேரிக்கு முகமெல்லாம் பல். "அந்த மூணு ஆம்பளக் கேள்விய சும்மா தூக்கிக் குடுத்துட்டாகடி. அம்மா கூடப் பொறந்தவரு புருசனாவாரா? மொத வேலையா வைத்தியர அடிச்சிட்டேன்."

"எங்க வீட்ல ஆவாரே," என்றாள் ரெங்கம்மாள்.

ஆனிமேரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "எங்க வேதத்துலயும் துரைசானி ஊர்லயும் ஆகாதுடி. கேள்வி எழுதுனது அவதானே," என்று மெதுவாகச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்ததை ரெங்கம்மாள் சொன்னாள். இடம் போய்விட்டது என்பது இருவருக்கும் தெரிந்தது.

திருமங்கலம் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது ராமானுஜம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பரீச்ச லேசா இருந்துச்சாத்தா?"

"ஒரு கணக்குல மாட்டிக்கிட்டேன் மாமா."

"என்ன கணக்கு? எனக்கும் சொல்லேன்."

அவள் சொன்னாள். மூன்று ஆண்கள், தச்சர் தகப்பன், வைத்தியர் தாய்மாமன், எழுத்தர் ஒருவர். அவர் குடையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வைத்தியர்தான்," என்றார். "தாய்மாமன் வீட்டோட இருக்கையில பொண்ண எழுத்தருக்கு எப்படிக் குடுப்பாக? இதுல யோசிக்க என்னத்தா இருக்கு?"

புத்திப் பரீட்சையில் தானும் தேறிவிட்ட சந்தோஷத்தில் அவர் சிரித்தார். ஆனிமேரிக்கு யோசிக்க ஒன்றுமில்லை, மாமாவுக்கும் ஒன்றுமில்லை. உலகத்தில் தான் ஒருத்திதான் அதை உட்கார்ந்து யோசித்திருக்கிறோம் என்று நினைத்தபோது ரெங்கம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா," என்றாள்.